அறுபத்தாறு கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

மண்ணில் ஓட்டுகிற பைக் வாங்கப் போனால் ஆளின் எடையைக் கேட்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் ஸ்கூட்டர் வாங்கியபோது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்காமலே திரும்பியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி அது. ரயில்வே ஸ்டேஷன் மிஷினில் எடை பார்த்தால் சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொள்வேன். அவர் விரலைப் பிரிக்கப் பார்ப்பார். கடைசிவரை பிரிக்க விட்டதில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்க்கிற வேலை. காலையில் கரமனையில் பஸ் ஏறி ஸ்டாச்சுவில் இறங்குவார், சாயந்திரம் அதே வழியில் திரும்பி வருவார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையைப் பிட்டுக்கொண்டே, "ஒரு டர்ட் பைக் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"அதென்ன பைக்?"

"மண்ணுல, சேத்துல, மேட்டுல எல்லாம் ஓட்டறது. ரோடில்லாத எடத்துல ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும்."

"அதுக்கு எதுக்குப் புதுசா பைக்? மழை பேஞ்சா நம்ம தெருவுக்கே ரோடு கிடையாது. என் ஸ்கூட்டரை எடுத்துண்டு வாசல்லயே ஓட்டுங்கோ."

சிரித்தார், ஆனால் விடவில்லை. அந்த வண்டியை அடக்க உடம்பில் சதை கூடாது, தெம்பு வேண்டும் என்று நடக்க ஆரம்பித்தார். விடிந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் நடை. ராத்திரி சாதத்துக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. மளமளவென்று தொப்பை கரைந்தது. பேண்ட்டுகளை எல்லாம் டெய்லரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்து வாங்கி வந்தேன். எதிராத்து மாமி என்னை நிறுத்தி, "ஒன் ஆம்படையான் இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கார், கேட்டியோ. எங்காத்து மனுஷனையும் நடக்கக் கூட்டிண்டு போகச் சொல்லு" என்றாள். பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

பழைய டர்ட் பைக்குகளை வாங்கிச் சரிசெய்து விற்கிற ஒருவர் பாறசாலைப் பக்கம் இருந்தார். ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு தகர ஷெட், அதை ஒட்டி மேடும் பள்ளமுமாக மண்ணை வெட்டிப்போட்ட சின்ன ட்ராக், அவ்வளவுதான் அவர் கடை. நான் பார்க்காமல் எந்த வண்டியும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

ஷெட்டில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று முழுக்க முழுக்கப் பந்தய வண்டி. லைட் இல்லை, நம்பர் இல்லை, சீட் எங்கேயோ உயரத்தில் இருந்தது. இவர் கண் போனதும் அதன் மேல்தான். ஏறி உட்கார்ந்தார். கால்விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. அப்படியே ஒருக்களித்து, வண்டியோடு சேர்ந்து ரப்பர் சருகில் நிதானமாகப் படுத்தார். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"சாரே, மொதல்ல வாங்குத வண்டியில வேகம் பாக்கப்பிடாது" என்று கடைக்காரர் கைகொடுத்துத் தூக்கினார். "நிறுத்துனா ரெண்டு காலும் ஊணணும். விழுந்தா ஒத்தையில தூக்கணும். அதுபோவ, இத ரோட்டுல இறக்க முடியாது கேட்டியளா. எங்க போனாலும் பிக்கப்புல ஏத்திக்கிட்டுப் போவணும்."

இன்னொன்று உயரம் குறைவு. ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் உண்டு. ட்ராக்கிலும் ஓட்டலாம், மலைப்பாதைக்கும் வீட்டிலிருந்தே ஓட்டிப் போகலாம். இவர் அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்து, "போனக்காடு மலை வரைக்கும் இதுலயே போயிடலாம்டி" என்றார். வண்டி அப்போதே முடிவாகிவிட்டது.

அப்போதுதான் எடை வந்தது. "எழுபத்தெட்டு" என்றார் இவர், யோசிக்காமல். வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸில் பார்க்கிற எடை அது. பின்சக்கரத்துக்கு மேல் இருக்கிற ஸ்பிரிங் ஆளின் எடைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டுமாம். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார்கள். அதிகம் அமுங்கினால் ஸ்பிரிங் இளசு, அமுங்காவிட்டால் கெட்டி. இதை ஒருவராகச் செய்ய முடியாது. கடைக்காரர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார், இவர் உட்கார்ந்தார், டேப் என் கையில் வந்தது.

கொஞ்சம் குறைவாக அமுங்கியது. "எழுவத்தெட்டுக்கு உள்ள ஸ்பிரிங்குதான். புதுசுல்லா, அதான் மொரண்டு பிடிக்கு" என்று கடைக்காரர் மேலே இருந்த நட்டைத் தளர்த்திவிட்டார். அளவு சரியாக வந்தது. எங்கள் வீட்டு நடையில் ஸ்கூட்டருக்கே இடமில்லாததால் வண்டியை ஷெட்டிலேயே விட்டுவைத்தோம். அன்றைக்கு ட்ராக்கை ஒருமுறை முழுதாகச் சுற்றி, முகமெல்லாம் செம்மண்ணோடு என் முன்னால் வந்து நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு விடாத மழை. நடை நின்றது. கூடவே ஓணம் வந்தது. டயட் எல்லாம் ஓணம் கழிந்து என்று சொல்லிவிட்டு உப்பேரியும் பிரதமன் பாயசமுமாக வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார். மழை விட்டதும் பாறசாலைக்குப் போனோம். ஓட்டிவிட்டு வந்தவர், "தூக்கித் தூக்கிப் போடறது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுபடி டேப்பைப் பிடித்தேன். முன்னைவிடக் குறைவாக அமுங்கியிருந்தது. நட்டை இனித் தளர்த்தவும் வழியில்லை.

"உருப்படாத ஸ்பிரிங்கை எங்க தலையில கட்டிட்டேள்" என்று இவர் சண்டைக்குப் போனார். நானும் சும்மா இருக்கவில்லை. "மாசம் ஒண்ணு ஆகல, அதுக்குள்ள இரும்பு கெட்டியாகுமா?" என்றேன். கடைக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. டேப் சரியில்லை என்றார், நான் பிடித்த விதம் சரியில்லை என்றார். கடைசியில், "வாங்க சாரே, எடையப் பாத்திருவோம், ஆரு சொல்லுதது சரின்னு தெரியுமில்லா" என்று ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் இவரை ஏற்றினார். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு ஏறினார்.

அறுபத்தாறு.

கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார். தானே ஏறிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"நடந்தேன் இல்லையா" என்றார் என் கணவர். நடை நின்று எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியும். ஓணத்துக்கு எத்தனை கரண்டி பிரதமன் விட்டேன் என்றும் தெரியும். போதாததற்கு, அந்த எண் வேறு எனக்குப் பழகிய எண். ரயில்வே ஸ்டேஷனில் நான் கைக்குள் மடக்குகிற சீட்டில் இருப்பது அதுதான்.

அவர் தராசில் நின்றபடியே என்னைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லேன். நான் ஒன்னைவிடக் கம்மியா?"

"இல்லை" என்றேன்.

கிளம்புவதற்கு முன் கடைக்காரரிடம், "அறுபத்தாறுக்கு ஒண்ணு வரவழைச்சுடுங்கோ" என்றார். வெளியிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார் அவர். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கணையத்தில் கேன்சர் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் போயிருந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். பைக்குக்காக இளைக்கிறார் என்று தெருவே மெச்சிக்கொண்டிருந்தபோது அது உள்ளே உட்கார்ந்து அவரைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. யாராவது யாரையாவது இளைத்து அழகாகிவிட்டாய் என்று சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி, "ஸ்பிரிங் வந்துதா?" என்று கேட்பார். வரவில்லை என்பேன். அங்கே அடிக்கடி எடை பார்ப்பார்கள். ஒருநாள் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், "இனிமே வந்தாலும் நேக்குக் கெட்டியாத்தான் இருக்கும்டி" என்றார். மார்கழி முடிவதற்குள் போய்விட்டார்.

மாசிக்கு மேல் கடைக்காரர் ஃபோன் செய்தார். "ஸ்பிரிங்கு வந்திருக்கு அக்கா. வண்டிய ஒருத்தன் கேக்கான். நல்ல தடியன், அவனுக்குப் பழைய ஸ்பிரிங்கே போதும். இதத் திருப்பி அனுப்பிரட்டா?" நேரில் வருகிறேன் என்றேன்.

ஷெட்டில் வண்டி அப்படியே நின்றது. டயரில் அன்றைய செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஹேண்டிலில் என் கணவரின் ஹெல்மெட் தொங்கியது. விற்றுவிடுவது என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"புதுசை மாட்டுங்கோ" என்றேன்.

"அந்த ஆளுக்கு இது தாங்காதுக்கா."

"அவருக்கு இல்லை. எனக்கு. நான் அறுபத்தாறு கிலோ."

அதைச் சத்தமாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர் அங்கே இல்லை.

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். மாட்டி முடித்ததும் என் கணவரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கடைக்காரர் ஹேண்டிலைப் பிடித்தார். டேப்பைப் பிடிக்க ஆள் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குனிந்து, அவர் சொன்ன இடத்தில் அளந்தாள்.

"கரெக்டா அமுங்குது" என்றார் கடைக்காரர். "இறங்குங்கக்கா."

ஓட்டுவேனா என்று எனக்கே தெரியாது. வண்டியை விற்கவில்லை. அந்த எடையில் அவர் சில நாள் இருந்தார். நான் இன்னும் அதே எடைதான்.