கறுப்பு மோட்டாரும் ஒரு ஜோடித் துடுப்பும்

விற்ற பொருள் மக்கர் செய்தால் மிக்ஸி வாங்கியவர் அடுப்படியில் நிற்பார், பைக் வாங்கியவர் ரோட்டோரம் நிற்பார்; படகு மோட்டார் வாங்கியவருக்கு மட்டும் நிற்க இடம் கிடையாது.

அதைத்தான் நான் விற்கிறேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்பாதி பம்ப்செட், பின்பாதி படகு மோட்டார் என்று ஒரு கடை. கடலில்லாத கோயமுத்தூரில் இதை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பாலக்காடு தாண்டிப் போய்க் கேரளக் காயலில், அந்தக் கடலோர உப்பங்கழியில், தூண்டில் போடும் கூட்டம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. பிறந்து வளர்ந்தது கணபதியில். தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவதுதான்.

தோட்டத்துக் கணக்கு

ஆனைமலையிலிருந்து செந்தில்குமார் வந்தார். தென்னந்தோப்புக்காரர். கூடவே அவர் மனைவி சுமதி, சுமதியின் அண்ணன் மோகன்ராஜ். மோகன்ராஜுக்குப் பெருந்துறையில் நூல் மில். மாப்பிள்ளையும் மச்சானும் கூட்டாக ஒரு மீன்பிடிப் படகு வாங்கி, கேரளாவில் தெரிந்தவர் ரிசார்ட்டில், காயலோரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். மோட்டார்தான் பாக்கி.

படகின் நீளத்தைக் கேட்டுவிட்டு முப்பது எச்.பி. வேண்டும் என்றேன். இங்கே விவசாயிக்கு எச்.பி. சொல்லிக்கொடுப்பது போன்ற அசட்டு வேலை வேறு கிடையாது. செந்தில்குமார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, எங்க தோட்டத்துல ஏழரை எச்.பி. பாதாளத்துல இருந்து தண்ணிய மேல தூக்கிக் குடுக்குது. இது தண்ணி மேல சும்மா போறதுக்கு முப்பது கேக்குதுங்களா?"

கறுப்பா, வெள்ளையா

எச்.பி. ஒருவழியாக முடிவானது. அடுத்தது பிராண்ட். கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால் எங்கள் கடையில் மேல்மூடியின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். செந்தில்குமாருக்குக் கறுப்பு வேண்டும், அவருடைய சிநேகிதர் கறுப்புதான் வைத்திருக்கிறார். மோகன்ராஜுக்கு வெள்ளை வேண்டும், அவர் இன்டர்நெட்டில் பார்த்திருக்கிறார். நான் இரண்டையும் விற்கிறவன். இரண்டும் நல்ல மோட்டார்தான், ஸ்பேர் கிடைக்கிறதா, மெக்கானிக் வருவாரா என்று மட்டும் பாருங்கள் என்றேன். யார் காதிலும் விழவில்லை.

எங்கள் பக்கத்துச் சண்டையில் குரல் ஏற ஏற மரியாதையும் ஏறும். "நீங்க சொல்றது தப்புங்க மாப்ள", "உங்களுக்கு வெவரம் பத்தாதுங்க மச்சான்" என்று 'ங்க'வைப் போட்டுப் போட்டு அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மோகன்ராஜ், படகே வேண்டாம், என் பங்கைப் பிரித்துவிடுங்கள் என்று எழுந்துவிட்டார். செந்தில்குமார் முகம் சிவந்துபோனது. பம்ப்செட் வாங்க வந்தவர்கள்கூட விலை கேட்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மோட்டார் விற்கப்போய் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

அதுவரை ஃபேனுக்கடியில் பேசாமல் உட்கார்ந்திருந்த சுமதி என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தக் கலரோ இருந்துட்டுப் போகுதுங்க. இவங்க ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. காத்தால போன ரெண்டு பேரும் பொழுதோட முழுசா ஊடு வந்து சேரோணும். அதுக்கு எதுங்க நல்ல மோட்டாரு?"

இருவரும் ஒத்துப்போன விஷயம்

படகை மச்சான் தேர்ந்தெடுத்ததால் மோட்டாரை மாப்பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும் என்று சுமதியே தீர்ப்புச் சொல்ல, கறுப்பு ஜெயித்தது. நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மோட்டாரின் கால், அதாவது விசிறி இருக்கும் அடிப்பகுதி, தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வெளித்தண்ணீரை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து இருவரும் படகில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு ஜோடித் துடுப்பை எடுத்து வந்தேன். மோகன்ராஜ் சிரித்தார். முப்பது எச்.பி. மாட்டிய படகில் துடுப்பு வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். "அதானுங்க மச்சான்" என்றார் செந்தில்குமார். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான். நான் துடுப்பைத் திரும்ப மூலையில் சாய்க்கப் போனேன். சுமதி கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "அவங்க கெடக்கறாங்க, நீங்க இதுல வெய்யுங்கண்ணா."

பீப்

முதல் ஓட்டத்துக்கு மோட்டாரை விற்றவனும் படகில் போக வேண்டும். எங்கள் கடையில் அப்படி ஒரு வழக்கம், முதலாளி ஏற்படுத்தியது. முதலாளி போகமாட்டார். ஆனைமலை வீட்டில் பூஜை முடித்து, மோட்டாரைக் காயலுக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். நான் லைஃப் ஜாக்கெட்டைக் காரிலிருந்து இறங்கும்போதே போட்டுக்கொண்டேன். செந்தில்குமாரும் போட்டுக்கொண்டார். மோகன்ராஜ் தன்னுடையதை மடித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நங்கூரம் கனமாக இருக்கிறது, வேகம் குறையும் என்று அதைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்ததும் அவர்தான். எனக்கு அது நடுத்தண்ணீரில்தான் தெரிந்தது.

மோட்டார் நன்றாகத்தான் கிளம்பியது. குளிர்விக்க இழுத்த தண்ணீர் பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்சுகிறதா என்று பார்த்தேன், ஒல்லியாக வந்தது. கடல் உள்வாங்குகிற நேரம் அது. காயல் தண்ணீர் முழுக்க முகத்துவாரம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, படகும் ஜம்மென்று போனது. அந்த வேகம் மோட்டாருடையது என்று செந்தில்குமார் பூரித்துப்போனார். அப்போதுதான் பீப் என்று விடாமல் ஒரு சத்தம். காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துமே அதுபோல என்று நினைத்து, அவர் மச்சானின் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தார். நான் திரும்பினேன். துளையில் தண்ணீர் வரவில்லை. மூடியிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. நிறுத்துங்க என்று கத்தினேன்.

மோட்டார் நின்றது. படகு நிற்கவில்லை. முகத்துவாரத்தில் வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது, சத்தமும் கேட்டது. செந்தில்குமார் மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனார். செய்தால் என்ஜின் மொத்தமாக இறுகிவிடும். செய்யாவிட்டால் கடல். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். படகில் இருந்த மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது, அதில் ஒருவன் மோட்டார் விற்றவன். அந்த நேரத்தில் மோகன்ராஜ் லைஃப் ஜாக்கெட்டை அவசர அவசரமாகத் தலைவழியே மாட்டிக்கொண்டே சொன்னார். "நாந்தான் அப்பவே வெள்ளைன்னு சொன்னனுங்களே மாப்ள!"

ஒண்ணு, ரெண்டு

துடுப்பு அடியில் கிடந்தது. ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அவசரக்காரர், மச்சான் நிதானக்காரர். படகு செக்கு மாடுபோலச் சுற்றியது, சுற்றிக்கொண்டே கடல் பக்கம் நகர்ந்தது. "நீங்க மெதுவாப் போடுங்க", "நீங்க வெரசாப் போடுங்க" என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக வாடிக்கையாளரைப் பார்த்து, வாயை மூடுங்கய்யா என்றேன். அப்புறம் ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணுக்கு இரண்டு துடுப்பும் உள்ளே, ரெண்டுக்கு வெளியே. படகு சுற்றுவதை விட்டு நேராக நகர்ந்தது. பக்கவாட்டில் வலை கட்டும் மூங்கில் கம்பங்கள் வரிசையாக நின்றன. முதல் கம்பம் கைக்கு எட்டாமல் தாண்டிப்போனது, இரண்டாவதும் போனது. கடைசிக் கம்பத்தை நான் கட்டிப்பிடித்தேன். அதில் ஒட்டியிருந்த சிப்பி கையைக் கிழித்தது, விடவில்லை. செந்தில்குமார் வேட்டியை அவிழ்த்துக் கம்பத்தோடு படகைக் கட்டினார்.

ஒரு மீன்காரர் வந்து எங்களைக் கரைக்கு இழுத்துப்போனார். அவருடைய மோட்டாருக்கு மூடியே இல்லை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். பல் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்த நிலையிலும் மோகன்ராஜுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, அது எந்தக் கம்பெனி என்று. மீன்காரர் பக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். "வாங்குன அன்னிக்கு அறியும் சேட்டா, இப்போ ஓடுது, அது மதி, போதும்."

வீடியோ

கடையில் மோட்டாரைப் பிரித்தோம். தண்ணீர் இழுக்கும் சின்ன ரப்பர் சக்கரம் வெந்து பிய்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினீர்களா என்று கேட்டேன். செந்தில்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. பரம்பரையாகத் தோட்டத்தில் பம்ப்செட் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்றார். அவர் கோபம் நியாயம்தான். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் எங்கள் ஊரில் பாதித் தூக்கத்தில்கூட எழுந்து ஓடிப்போய் நிறுத்துவார்கள்.

பிறகு அவரே பெருமையாகப் பூஜை வீடியோவைக் காட்டினார். வாசலில் ஸ்டாண்டில் மோட்டார், மூடியில் சந்தனம், குங்குமம், மாலை. வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவோம் அல்லவா, இதில் சக்கரம் இல்லையே. அதனால் பழத்தை நூலில் கட்டி விசிறிக்கு நேராகத் தொங்கவிட்டு, நல்ல நேரத்தில் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். பழம் சிதற, சொந்தபந்தம் கைதட்ட, மோகன்ராஜின் குரல் கேட்கிறது: இன்னும் முறுக்குங்க மாப்ள, உங்க கறுப்பு என்னதான் சத்தம் போடுதுன்னு பாக்கலாம். சுமதி போதும் போதும் என்கிறார். சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீடியோ முடிந்ததும் செந்தில்குமார் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளைக்குள்ளும் இதே ரப்பர்தான் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் மோகன்ராஜ் நிமிர்ந்தார். "இருக்கலாமுங்க, ஆனா வெள்ளையா இருந்திருந்தா இன்னொரு பழம் தாங்கியிருக்கும்."

சுமதி வந்த நாள்

நடந்ததைச் சுமதியிடம் சொல்லக்கூடாது என்று இருவரும் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. அடுத்த வாரம் அவரே கடைக்கு வந்தார். கையில் கட்டுடன் நான் எழுந்து நின்றேன். காந்திபுரத்தில் இன்றைக்கு என்ன நெரிசல் என்று எதையோ உளறினேன். அவர் என் கட்டைப் பார்த்தார், மூலையில் சாய்த்திருந்த துடுப்புகளைப் பார்த்தார்.

"யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்ணா. அண்ணன் கையிலயும் எங்க ஊட்டுக்காரர் கையிலயும் ஒரே எடத்துல கொப்பளம். அன்னிக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, சண்டையே போடாம சோறு உண்டாங்க, அப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. இன்னொரு ஜோடி குடுங்க."

இப்போதெல்லாம் எந்த பிராண்ட் நல்லது என்று யார் கேட்டு வந்தாலும் முதலில் துடுப்பைத்தான் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் எங்கள் கடையில் கம்பெனியோ கலரோ கேட்காமல் வாங்கிப்போன பொருள் அது ஒன்றுதான்.