குடிக்காமல் வைத்த பால்

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு டம்ளர் உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்று பேச ஆரம்பிக்கும். அப்புறம் பக்கத்தில் மறைவிடம் இருக்கிறதா என்பதுதான் உலகத்திலேயே பெரிய விஷயமாகிவிடும். மோர் குடிப்பேன், தயிர் சாப்பிடுவேன், டீயில் விழுகிற பாலால் ஒன்றும் ஆகாது. வெறும் பால் மட்டும் ஆகாது. இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது. இந்தப் பாலால்தான் நான் ஆசைப்பட்ட பெண் எனக்கு இல்லாமல் போனாள்.

அவளுக்கு வடக்கனந்தல், எனக்குச் சின்னசேலத்துப் பக்கம். கள்ளக்குறிச்சியில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால பேட்ச், அடுத்தடுத்த மெஷின். ரிப்பன் சிக்கிக்கொண்டால் என் பக்கம் பார்ப்பாள். நான் எடுத்துவிடுவேன். "தேங்க்ஸுங்க" என்பாள். எங்கள் பேச்செல்லாம் அவ்வளவுதான். ஆனால் அவள் பஸ் ஏறும்வரை நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அதற்குள் என் பஸ் போய்விட்டிருக்கும். வாரத்தில் பாதி நாள் ரிப்பன் தானாகச் சிக்கவில்லை என்று அப்போதே எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியில் வெட்கத்தை விட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா விசாரித்ததில் தூரத்து உறவுதான் என்று தெரிந்தது, ஜாதகமும் பொருந்தியது. ஒரே ஒரு இடைஞ்சல். அது பால்மாட்டு வீடு. கல்வராயன் மலையடிவாரத்தில் பெரிய கொட்டகை, கொட்டகை நிறைய மாடு. அந்த வீட்டில் ஒரு வழக்கமும் இருந்தது. பெண் பார்க்க வந்த பையன் ஒரு லோட்டா பாலில் பாதியைக் குடித்து வைப்பான், மீதியைப் பெண் குடிப்பாள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் நாள் குறிப்பதுதான் பாக்கி.

"பால் ஒத்துக்காதுன்னு மட்டும் அங்க வாயத் தொறந்துடாத. வயித்துக்காரன்னு பேரு வெச்சி அனுப்பிச்சிடுவாங்க. மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சிடு. ஒடனே பஸ்ஸு ஏறி வூட்டுக்கு வந்துடலாம்" என்றாள் அம்மா. பஸ் வரைக்கும் தாங்கும் என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பெண் பார்க்கப் போக வேண்டிய வாரம் பார்த்து மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்தார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. வேறு நாள் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, குறித்த நல்ல நாளை மாற்றினால் ஆகாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். மாமா ஒரு சைக்கிள், நான் ஒரு சைக்கிள், என் கேரியரில் அம்மா. மரம் வந்த இடத்திலெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தோம். புளிய இலை வாசனை வழியெல்லாம் கூடவே வந்தது. என் மனமெல்லாம் அவள் என்ன புடவை கட்டியிருப்பாள் என்பதில் இருந்தது.

போய்ச் சேர்ந்தால் வீடே பாலாக இருந்தது. அண்டாவில் பால், குண்டானில் பால், அடுப்பில் சுண்டிக்கொண்டிருக்கும் பால். "பால் வண்டியே வரலீங்க. சொசைட்டிக்கு ஊத்த வேண்டியதெல்லாம் வூட்லதான் கெடக்குது. நல்லா சாப்புடுங்க, இன்னிக்கி எதுவும் கம்மி இல்ல" என்றார் அவள் அப்பா. பால்கோவா வைத்தார்கள், பால் பாயசம் வைத்தார்கள். கோவாவைக் கைக்குட்டையில் ஒளித்தேன். பாயசத்தை மாமா பக்கம் தள்ளினேன். நல்ல வேளை, அவருக்கு வயிறு கல்.

அப்புறம் அவள் வந்தாள். கத்தரிப்பூ நிறப் புடவை. பெரிய பித்தளை லோட்டாவை என் முன்னால் வைத்துவிட்டு உள் கதவோரம் போய் நின்றாள். எங்கள் ஊரில் அந்த லோட்டாவில் நாலு பேர் குடிப்பார்கள். லோட்டாவை எடுத்தேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து, பஸ் இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. திரும்பும் வழி, குறுக்கே கிடக்கும் மரங்கள், மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும் கூட்டம், கேரியரில் அம்மா. அதைவிட, வயிறு கிளம்பும் முன் இந்த வீட்டை விட்டே கிளம்ப முடியாவிட்டால்? அவள் பார்க்க நான் கொல்லைப்புறம் ஓடுவதா?

லோட்டாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா சைக்கிளில் ஏறவில்லை, கொஞ்ச தூரம் அழுதுகொண்டே நடந்தாள். ரோடு திறந்த பிறகு உண்மையைச் சொல்லி வருகிறேன் என்று மாமா போனார். "பையனுக்குப் புடிக்கலன்னா வூட்டுக்கே வந்திருக்கத் தேவயில்ல. பொண்ண நிக்க வெச்சி லோட்டாவ கீழ வெக்கறதா?" என்று மாமாவை வாய் திறக்கவே விடாமல் முகத்தில் அடித்தாற்போல் கேட்டிருக்கிறார் அவள் அப்பா. அந்தக் கோபத்திலேயே களமருதூரில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார். டைப்ரைட்டிங்குக்கும் அவள் வரவில்லை. அவள் மெஷினில் வேறொரு பையன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் ரிப்பன் சிக்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கும் கல்யாணம் ஆனது. என் மனைவி நல்லவள், தினமும் படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பால் குடித்து நிம்மதியாகத் தூங்குகிறவள். நான் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறேன். வேறொன்றுமில்லை, கத்தரிப்பூ நிறம் கண்ணை விட்டுப் போகாது.

எங்கள் மகள் மரபணுவியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறாள். உடம்பில் எந்த இடத்தில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது, அதை மரபணுவில் உள்ள எந்த எழுத்து முடிவு செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு தடவை லீவில் வந்திருந்தபோது என் பால் கதையை, அதாவது வயிற்றுக் கதையை மட்டும், சொன்னேன்.

"குடல், ஈரல், தோலு, எல்லாத்துலயும் ஒரே எழுத்துதாம்ப்பா எழுதியிருக்கு. எங்க எத எவ்ளோ செய்யணும்ங்கறதுதான் மாறும்" என்றாள். பாலைச் செரிக்க வைக்கும் புரதம் சின்னக் குழந்தையின் குடலில் தாராளமாக இருக்குமாம். பால்குடி மறந்த பிறகு நிறையப் பேருக்குக் குடல் அதைக் குறைத்துவிடுமாம். அந்தப் புரதத்துக்கான எழுத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வேறோர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து சிலருக்கு மாறியிருக்கும். அவர்களுக்கு மட்டும் வளர்ந்து பெரியவர்களான பிறகும் குடல் அதைக் குறைக்காமல் செய்துகொண்டிருக்கும்.

"ஒனக்கு வியாதியே இல்லப்பா. ஒலகத்துல ஜாஸ்தி பேரு ஒன்ன மாதிரிதான்."

டைப் அடிக்கும்போது தப்பு விழுந்தால் ரப்பர் போட்டு அழிப்போம். இதில் தப்பே இல்லை என்கிறாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஆத்திரமாகத்தான் வந்தது. இதை அன்றைக்கு யாராவது அந்த வீட்டுக் கூடத்தில் சொல்லியிருக்கக் கூடாதா?

போன தை மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் எதிர் வரிசையில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பார்த்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், இந்த வயதில். பால் பாயசம் வந்தது. நான் இலையைக் கையால் மறைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவளும் மறைத்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் இடத்தில் அவளே பேசினாள். "நல்லா இருக்கீங்களா? உங்களுக்குச் சர்க்கரைங்களா?"

"இல்லீங்க. எனக்குப் பால் ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே."

அவள் என்னையே பார்த்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"எனக்கும்தாங்க" என்றாள். "பால்காரரு வூட்ல அத எப்டிங்க வெளிய சொல்றது? அன்னிக்கி கதவாண்ட நின்னுக்கினு சாமிய வேண்டிக்கினு இருந்தன். எனக்கு மீதி வெக்காம நீங்களே முழுசா குடிச்சிடணும்னு."

அவள் குழாயை மூடினாள். வெளியே அவளுடைய பஸ் கிளம்பும்வரை நான் நின்றேன்.