காஞ்சன்பாக்கிலிருந்து நாக்கு ஸ்கேனுக்கு ஒரு பயணம்

வழக்கமாக இங்கே கோயில் பயணங்களைத்தான் எழுதுவேன். போன செவ்வாய்க்கிழமை போனது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு. என் வீட்டுக்காரருக்கு நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துத்தான் கொஞ்சம் வெட்டினால் போதுமா, முழு நாக்கையும் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம்.

காலை 7.10க்கு குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ ஏறினோம். 14 கிலோமீட்டர், 55 நிமிடம், 280 ரூபாய். டிரைவர் என்ன கேட்டாலும் இவர் இந்த ஊர் இந்தியில் "ஹவ்", அதாவது ஆமாம், என்பதோடு சரி. முப்பது வருடமாகப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். இந்த மனிதர் வீட்டையும் வெளி என்றே எடுத்துக்கொண்டார். என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கே தெரியாது!

ஸ்கேன் மையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இரும்பை அறுக்கும், தீட்டும் வேலை செய்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. இவர் பாட்டுக்கு 'இல்லை, மத்திய அரசு ஊழியர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டெக்னீஷியன் பெண்ணும் உள்ளே கூப்பிட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பல வருடம் முன்பு ஒருநாள் கண்ணில் கட்டோடு வந்து, தூசு விழுந்தது என்றார். பத்து நாள் சொட்டு மருந்து விட்டவள் நான்.

"ஏங்க, அன்னைக்குக் கண்ணுல விழுந்தது தூசா, இரும்பா?"

தரையைப் பார்த்தார். "இரும்புத்தூள். எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கான்னு தெரியல."

நான் இந்தியில் சொன்னதும் அந்தப் பெண் பதறிவிட்டாள். "கைக்கு நை போலே அங்கிள்?" ஏன் சொல்லவில்லை என்று ஒரே திட்டு. கண்ணுக்குள் துகள் இருந்து, ஸ்கேன் மெஷினின் காந்தம் அதை அசைத்துவிட்டால் பார்வையே போகலாமாம்.

"அது ஆபீஸ் விஷயம்ல" என்கிறார் இவர். இந்த மனிதரை என்ன செய்வது!

கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை. பிறகு நாற்பது நிமிடம் ஸ்கேன். படம் எடுக்கும்போது அசையக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. வாய் மூடிக் கிடப்பது இவருக்குக் கைவந்த கலை.

போகிறவர்கள் நகை, ஊக்கு, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெல்டிங், லேத், கிரைண்டிங் என்று எந்த வேலை பார்த்திருந்தாலும் தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வியாழக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கட்டி நாக்கின் நடுவைத் தாண்டவில்லை, இடது பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்றார். பேச்சு இருக்கும், ஆனால் குழறும். வரும் திங்கட்கிழமை ஆபரேஷன்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் இவராகவே ஆரம்பித்தார். "என்ன செய்றோம்னு சொல்ல மாட்டேன். என் மெஷின் எப்படின்னு வேணா சொல்லட்டுமா?"

வழி முழுக்கப் பேசினார். நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசல் வந்தது. நிறுத்த வேண்டாம், இன்னும் ஒரு சுற்று போங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன்.