வண்டி கிளம்பாத காலை

வின்னிபெக்கில் குளிர்காலம் வந்துவிட்டால் கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கும். நான் பழைய நீலக் கார் ஒன்றை வாங்கிய புதிதில், மருத்துவமனையில் என்னோடு வேலை செய்த நர்ஸ் ஒருத்தி, "ப்ளக் இன் பண்ணிவிட்டாயா?" என்று கேட்டாள். இஸ்திரிப் பெட்டியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவள் பதறிப்போய் என்னை வண்டி நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே ஒரு மின்கம்பம் இருந்தது. அதில் கம்பியைச் செருகினால் இஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஹீட்டர் வேலை செய்யும். இல்லையென்றால் உள்ளே எண்ணெய் பாகுபோல இறுகிவிடும், சாவியைத் திருப்பினாலும் இஞ்சின் சுற்றாது. காஞ்சிபுரத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் வண்டிக்குச் சூடுதான் எதிரி. கத்திரி வெயிலில் ரேடியேட்டர் கொதிக்க, வழியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டு வீடு வீடாகப் போனவர்கள் நாம்.

என் அண்ணன் ஏகாம்பரம் காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டினார். மதராசிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களையும், கோயில் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவார். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஐப்பசி மழையில் நனைந்த வண்டி செவிலிமேட்டு வீட்டு வாசலில் முரண்டு பிடிக்கும்போது, அவர் முன்னால் நின்று, இஞ்சினுக்குள் செருகிய இரும்புக் கைப்பிடியைச் சுற்றுவார். உள்ளே ஆக்சிலரேட்டர் பெடலை மிதிக்க ஆள் வேண்டும். நர்சிங் படிக்கப் போவதற்கு முன்பு அந்த ஆள் நான்தான்.

"மெரிச்சிக்கினே இருமா, வுட்டுடாத."

"காலு வலிக்குதுண்ணா."

"உனுக்கு மட்டும் காலு இருக்குது, எனுக்கு கை இல்லியா? சத்தத்தக் கேளு. வேகமா சுத்தியும் புடிக்கலன்னா ஒரு வியாதி. சுத்தவே மாட்டாம மொனவுனா வேற வியாதி."

அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் தபாலில் வந்தது. தந்தி கொடுத்திருக்கிறார்கள். நான் வீடு மாறியிருந்ததால் அது பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. அண்ணி தன் கையாலேயே எழுதியிருந்தாள். ஓரிக்கை போகும் வழியில் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். பின்சீட்டில் இருந்தவர்கள் களைப்பில் கண்ணயர்கிறார் என்று நினைத்து, பேசாமல் காத்திருந்திருக்கிறார்கள். கடிதம் என் கைக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. பணம் புரட்டி, டிக்கெட் எடுத்துக் கிளம்புவதற்குள் அது முடிந்துவிடும்.

பனிச்செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். பிறகு சோறு வடித்தேன். மறுநாளைக்கு யூனிபாரத்தை எடுத்து வைத்தேன். அழுகை வரவில்லை. அழவேண்டும் என்பது நினைவில் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை குளிர். மூக்கினுள் ஈரம் ஊசியாகக் குத்தியது. சாவியைத் திருப்பினேன். இஞ்சின் இரண்டு தரம் முனகி நின்றுவிட்டது. முன்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி திருப்பினேன். எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சம் மங்கி, செத்த மஞ்சளானது. அப்படியானால் குறை பெட்ரோலில் இல்லை. தீப்பொறியிலும் இல்லை. பேட்டரியில்தான். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வீட்டிலிருந்து ஸ்பானரையும் சமையல் கத்தியையும் எடுத்து வந்து, முனையைக் கழற்றிச் சுரண்டி, திரும்ப முடுக்கினேன். ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. பிடிக்கவில்லை.

அப்போதுதான் முகப்பிலிருந்து தொங்கிய கம்பியைக் கவனித்தேன். நான் அதைச் செருகவே இல்லை. இரண்டு குளிர்காலமாக ஒரு நாளும் மறக்காதவள், கடிதத்தைப் பிரித்த அன்று மறந்திருக்கிறேன். எனக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அதுவரை கிடைத்த ஒரே அடையாளம் அதுதான்.

பக்கத்து வீட்டு மிக்கோலா பனியள்ளும் மண்வெட்டியோடு வெளியே வந்தார். உக்ரைனிலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்திக்கும். திறந்த பானெட்டைப் பார்த்துவிட்டு, "டெட்?" என்று கேட்டார்.

"யெஸ். ட்வெல்வ் டேஸ்" என்றேன்.

"நோ, நோ. யெஸ்டர்டே யூ டிரைவ். ஐ ஸீ."

அவர் பேட்டரியைக் கேட்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. "மை பிரதர்" என்றேன்.

அந்தக் குளிரில் அவர் தலையிலிருந்த ரோமத் தொப்பியைக் கழற்றிவிட்டார். நரைமுடி காற்றில் பறக்க நின்றார். "ப்ளீஸ், தொப்பியைப் போடுங்கள்" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. பிறகு தம் வண்டியைக் கொண்டுவந்து என் வண்டிக்கு எதிரே நிறுத்தினார். குளிரில் விறைத்த கேபிள்களை இருவருமாக வளைத்து இரண்டு பேட்டரிகளையும் இணைத்தோம். கொஞ்ச நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். நான்காவது முறை இஞ்சின் இருமிப் பிடித்தது. உடனே ஓட்டாதே, இருபது நிமிடம் அப்படியே ஓடட்டும் என்று கையால் காட்டிவிட்டு, கேட்காமலே கதவைத் திறந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

கைகளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, தம் தாய் இறந்த செய்தி தமக்கு எட்டு மாதம் கழித்து வந்தது என்றார். நான் "ஸாரி" என்றேன். அவரோ, "எய்ட் மந்த்ஸ், ஃபார் மீ ஷீ லிவ். குட் மந்த்ஸ்" என்றார்.

எனக்கும் பன்னிரண்டு நாள் அப்படிக் கிடைத்திருந்தது. அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். 'காலையில் வண்டி முனகுது, என்ன வியாதி சொல்லு, நீ சொன்னாத்தான் நம்புவேன்' என்று கேலியாக எழுதிப் போட்டேன். மிக்கோலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அது வானத்திலோ, பம்பாயில் ஏதோ ஒரு மூட்டையிலோ இருந்தது. அதைத் தடுத்து நிறுத்த இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை.

வேலைக்கு அரைமணி தாமதமாகப் போனேன். அன்றைக்குக் கொடுக்கவேண்டிய ஊசிகளை எல்லாம் சரியாகக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணியின் அடுத்த கடிதம் வந்தது.

'காரியம் முடிஞ்ச மறுநா உன் லெட்டர் வந்துச்சிமா. அவரு பேருக்கு வந்ததால யாரும் பிரிக்கல. ரெண்டு நாள் படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். அப்பறம் நாந்தான் பிரிச்சேன். நீ கேட்டதுக்குப் பதில் போடாம இருந்தா அவருக்கு ஆவாது. டாக்சி ஸ்டாண்டுல அவரு கூட வண்டி ஓட்டுன முனுசாமிகிட்ட படிச்சிக் காட்டினேன். பேட்டரி வீக்காத்தான் இருக்குமாம். தண்ணி கொறஞ்சிருக்குதா பாக்கச் சொன்னாரு. காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் வெயில்ல வையி, சரியாப் போவும்னு சொல்லச் சொன்னாரு. உடம்பப் பாத்துக்க.'

பேட்டரியை நான் அதற்குள் மாற்றிவிட்டிருந்தேன். வண்டி ஒழுங்காகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டியை வீட்டு நிழலில் நின்ற இடத்திலிருந்து எடுத்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மேகமே இல்லாத வானம். கண் கூசுகிற வெயில். கையுறையைக் கழற்றி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இஞ்சினுக்கு நேராக லேசான சூடு, அதற்கு இரண்டு விரல் தள்ளி வெயில் விழுந்துகொண்டிருந்த தகட்டில் பனி உருகாமல் அப்படியே இருந்தது. முனுசாமி சொன்ன கொஞ்ச நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.