காய்ந்ததைத் தொடாத நாய்

வழக்கில் ஜெயித்த நிலத்தைப் பார்க்கப் போன முதல் நாள் அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. செவலை நிறம், ஒரு காது மடிந்தது. எங்கள் குத்தகைக்காரர் வீட்டில் வளர்ந்த நாய். அவர் இறந்து வருஷமாகியிருந்தது. தீர்ப்பு வந்ததும் அவர் மனைவி, களத்தை ஒட்டியிருந்த கூரை வீட்டைப் பிரித்து, மூங்கிலையும் கதவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சீர்காழியில் மகளிடம் போய்விட்டார். நாய் போகவில்லை. வாசற்படி இருந்த இடத்தில், அது இன்னும் இருப்பதுபோலக் குறுக்கே படுத்துக் கிடந்தது.

எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, பாபநாசத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகள் இருவரும் சென்னையில். வழக்கைப் பார்க்க ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்று எல்லாவற்றையும் என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அது அப்பா காலத்து வழக்கு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து அப்பா சர்க்காரைத் திட்டாமல் ஒரு வேளை சோறு தின்றதில்லை. "சூரியன் உதிச்சா என்ன, இலை துளிர்த்தா என்ன, நம்ம நிலம் நம்ம கைக்கு வராது" என்பார். அவருக்குப் பிறகு வாய்தாவுக்கெல்லாம் நான் போனேன். குத்தகைக்காரர் படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம், ஒரே ஒரு போகம், அவர் மனைவி நிலத்தை இன்னொருவரிடம் சாகுபடிக்கு விட்டிருந்தார். உள்குத்தகை விட்டால் உரிமை போய்விடும் என்று வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அதைத் துப்புத் துலக்கி வக்கீலிடம் சொன்னது நான்தான். அன்றைக்கு அது எனக்கு ஒரு கணக்கின் விடை மாதிரிதான் இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று தம்பிகள் போனில் சந்தோஷப்பட்டார்கள். நான் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

நாயைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். குடும்பத்தைத் துரத்தியவள் நாயையும் பட்டினி போட்டுக் கொன்றாள் என்று ஊர் பேசுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. தம்பி மகனிடம் சொன்னேன். அவன் வீட்டு நாய் தின்னும் காய்ந்த தீனியில் ஒரு மூட்டையைக் கூரியரில் அனுப்பினான். பளபளவென்று நாய்ப் படம் போட்ட பை. உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள். கருவாடும் மாத்திரையும் சேர்ந்த ஒரு வாசனை. ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வாய்க்கால் மதகைத் தாண்டிப் போய் அதன் முன்னால் கொட்டினேன். மோந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எழுந்து இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டது. காக்காய்களுக்கு அன்று விருந்து.

மறுநாள் டீக்கடைப் பொறை. அதற்கு மறுநாள் ரஸ்க். பிறகு வடித்த சோறு, முட்டை கூட. எதையும் தொடவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்த நாய் என் வகுப்பில் படித்ததில்லை. உளுந்து பிடுங்க வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு ஊற்றிய மிச்சக் கஞ்சியில்தான் அது உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த வேலையும் முடிந்து அவர்கள் வராமல் போனதும் விலா எலும்பை எண்ணும்படி ஆகிவிட்டது. ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. தின்னுத் தொலையேன் என்று கத்தி டப்பாவை விட்டெறிந்தேன். அது நகரக்கூட இல்லை. வெட்டவெளியில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

எனக்கும் சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. காலையில் வடித்ததை மூன்று வேளைக்கும் மூடி வைப்பேன். அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவிவிடுவேன். அதைத் தனிமை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மாதங்களில் நான் தினமும் பார்க்கப் போன ஜீவன் அது ஒன்றுதான். அதுவும் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. அது செத்துப்போனால் மதகைத் தாண்டிப் போக எனக்குக் காரணமே இருக்காது என்று ஒருநாள் தோன்றியபோது, ஊர் பேச்சைப் பற்றிய பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கால்நடை டாக்டரை வரவழைத்தேன். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, வளர்த்தவர்களிடம் எப்படி வைப்பார்கள் என்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கோர்ட்டு வராந்தாவில் எத்தனையோ வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் நானும் அந்த அம்மாவும்.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் பஸ் ஏறினேன். கும்பகோணத்தில் ஒன்று, மயிலாடுதுறையில் ஒன்று மாறிச் சீர்காழி போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. மகள் வாடகைக்கு இருந்த மாடி வீடு. கதவைத் திறந்தவர் அந்த அம்மாவேதான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு "வாங்க" என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் வீட்டுத் தண்ணீரை என் ஆயுளில் அன்றுதான் குடித்தேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டார். எழுந்து நின்று, டப்பாவைச் சாய்ப்பதுபோல் கையைக் காட்டினேன். அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"நின்னுக்கிட்டு மேலேருந்து போட்டா அது எடுக்காது, டீச்சரம்மா. உங்க வீட்டுக் கொல்லையில எங்களுக்கு அப்படித்தான் ஊத்துவாங்க. நீங்களும் ஊத்தியிருக்கீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவரும் எங்கள் ஊரிலேயே பிறந்தவர். நடவு நாட்களில் அம்மா கொல்லைப்படியில் நின்றுகொண்டு, கீழே ஏந்தும் பாத்திரங்களில் அகப்பை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து கஞ்சி ஊற்றுவாள். எட்டு வயதில் என் கையிலும் அகப்பையைக் கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. கீழே ஏந்தி நின்றவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் அகப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே தொடர்ந்தார். வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது நாயும் பக்கத்தில் உட்காருமாம். கடைசி உருண்டையைக் கஞ்சித்தண்ணீரோடு பிசைந்து அதற்கு வைப்பாராம். குட்டியிலிருந்தே அப்படித்தானாம்.

"காஞ்சது எதையும் தொடாது. எங்க வீட்டுல தண்ணி ஊத்தாத சோறு ஏது? நீங்க கீழ உக்காருங்க. முதல்ல நீங்க சாப்பிடுங்க. அப்புறம் அதுக்கு வைங்க."

வேன் பிடித்து நாயைக் கொண்டுவந்து விட்டுவிடவா என்று கேட்டேன். மாடி வீட்டில் எங்கே கட்டுவது என்றார். சொம்பை எடுத்துக்கொண்டே, "நாங்க விட்டுட்டு வந்துட்டோம். அதால முடியல" என்றார். கிளம்பும்போது போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தூக்குவாளியில் பழைய சோறும் உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீடு இருந்த இடத்தில், மண்ணில், முட்டி கடகடவென்று சத்தம் போட உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. நாய் கண்ணை மட்டும் திறந்தது. நான் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நன்றாகப் பசித்தது. எனக்கு இப்படிப் பசித்தே வெகுகாலமாகியிருந்தது. பாதி தீர்ந்தபோது பக்கத்தில் மூச்சுக் காற்றுப் பட்டது. நான் திரும்பவில்லை. மிச்சத்தைக் கஞ்சியோடு பிசைந்து, வாழையிலைத் துண்டில் அதன் முன்னால் வைத்தேன். தின்றது. இலையை நக்கி, என் விரலையும் நக்கியது. பிறகு பழைய இடத்துக்குப் போய், அவர்கள் வண்டி போன பாதையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதற்கு நான் யாரும் இல்லை. சோறு போடக் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அங்கே பார்க்க யாரும் இல்லை என்பதால் அழுதேன்.

வீட்டுக்கு வந்து சீர்காழிக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டது என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா கேட்டார்.

"நீங்க சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எத்தனை வருஷமாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

"சாப்பிட்டேன்" என்றேன். "உக்காந்துதான் சாப்பிட்டேன்."