நான் எழுதாமல் விட்ட செயல்

நான் பார்க்கும் வேலையை மேல்பட்டாம்பாக்கத்தில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது யாராவது பிடித்துக்கொண்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். உண்மையில் விஷயம் அவ்வளவு சிக்கலானதில்லை. இணையத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளுக்குள் ஏஐ ஒன்று இருக்கும். ஆட்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவதையும் பேசுவதையும் அது புரிந்துகொள்ளும். ஆனால் புரிந்துகொண்டதை வைத்துத் தானாக ஒரு துரும்பைக்கூட அதனால் நகர்த்த முடியாது. அது என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொரு செயலாக நான் எழுதித்தர வேண்டும். செயலுக்கு ஒரு பெயர், அதை எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியம். சாதாரணத் தமிழே போதும்.

வாக்கியத்தை எழுதிச் சேமித்ததும் அந்தக் காரியத்தை அது செய்ய ஆரம்பித்துவிடும். இத்தனை நாளாகியும் எனக்கு இது பழகவில்லை. எழுதியவன் நான்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. வாழ்நாள் முழுக்க நான் சொல்லி வீட்டில் ஒரு ஃபேன் சுவிட்சை யாரும் அணைத்ததில்லை.

என் அக்காவின் கணவர், மச்சான், பல வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்த்தான் ஊர் திரும்பினார். இப்போது மஞ்சக்குப்பத்தில் வீடு, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்றுக்குக் கடலூரில் ஒரு மையம், சிதம்பரத்தில் ஒரு மையம். மச்சானுக்குக் கடலூர்தான். யாருக்கு எந்த நேரம் எந்த பெட் என்று இரண்டு இடத்திலும் ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓர் ஏஐ அமைத்துத் தரும் வேலையை மச்சான்தான் என் தலையில் கட்டினார். "சும்மாதான ஒக்காந்துனு கெடக்குற" என்றார்.

முதலில் நான் எழுதிய செயல்களில் ஒன்றின் பெயர் 'பெட் மாற்று'. ஒருவர் வர முடியவில்லை என்றால் எல்லோருக்கும் பொருந்தும்படி நேரத்தை மாற்று என்று எழுதியிருந்தேன். சிதம்பரம் மையத்தில் போய் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். அங்கே பொறுப்பில் இருக்கும் டெக்னீஷியன் திட்டக்குடிப் பக்கத்துப் பெண், அதிகம் பேசாதவர். திருமணத்துக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை வர முடியாது என்று ஒரு நோயாளி சொல்வதுபோல் நான் போனில் பேசினேன். கண்மூடித் திறப்பதற்குள் அது வாரம் முழுவதையும் கலைத்து அடுக்கிவிட்டது. ஒரு பெட்கூட வீணாகவில்லை. அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெக்னீஷியன் திரையில் வேறொரு நோயாளியின் பெயரைத் தொட்டுக் காட்டினார். "இவுங்கள யாரக் கேட்டு சனிக்கிழமைக்கு மாத்துச்சு?"

யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லையே. அங்கே வருகிறவர்கள் அதுவரை தங்களுக்குள் பேசித்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். காது குத்தா, நோன்பா, பேத்தி பள்ளிக்கூட விழாவா, ஒருவருக்கொருவர் போன் போட்டு "உங்க பெட்ட எனக்குத் தரீங்களா" என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்காமல் எடுப்பது அந்த அறையில் நடக்காத காரியம். அன்றைக்கே நான் அந்தச் செயலை இரண்டாக உடைத்தேன். ஒன்று, 'கேள்': காத்திருக்க முடியும் என்று மையம் குறித்து வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்கலாம், யாருக்கென்று பெயர் சொல்லக் கூடாது, முடியாது என்றால் வற்புறுத்தக் கூடாது. இன்னொன்று, 'மாற்று': பெட் வைத்திருப்பவர் தன் வாயால் சரி என்ற பிறகு மட்டும்.

ஐப்பசி மழை அந்த வருடம் கெடிலம் ஆற்றை ரோட்டுக்கே கொண்டுவந்தது. ஒரு நாள் காலையில் கடலூர் மையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். டயாலிசிஸுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார்கள் மூழ்கிவிட்டன. அன்றைக்கு மச்சானுடைய முறை. முந்தைய முறையே மழையால் பாதியில் நின்றிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உடம்பில் தண்ணீர் தேங்கிக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூரில் வேறு இடங்களில் விசாரித்தோம். எல்லா இடத்திலும் இதே கூட்டம்.

சிதம்பரத்துக்குப் போன் செய்தேன். "இங்க எல்லா பெட்டும் ஓடுது. ஓடுறத நடுவுல எடுக்க முடியாது" என்றார் டெக்னீஷியன். "மத்தியானத்துக்கு இருக்கவுங்கள ஏஐ கேட்டுனு இருக்கு. நீங்க கெளம்பி வந்துனே இருங்க."

கார் பிடித்துக் கிளம்பினோம். மச்சானும் அக்காவும் பின்னால், நான் முன்னால், மடியில் லேப்டாப். ஏஐ செய்வதெல்லாம் என் திரைக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் கேட்டவர் முடியாது என்றார். 'பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போனது. அவரும் முடியாது என்றார். அதற்கும் அதே மரியாதை. பின்னால் மச்சானின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கோபம் தலைக்கேறிவிட்டது. நானே அதற்கு எழுதினேன்: 'மஞ்சக்குப்பம் நோயாளிக்கு உடனே பெட் கொடு. மத்தியானம் இருக்கும் யாரையாவது நாளைக்குத் தள்ளு.'

'சம்மதம் கேட்காமல் மாற்றும் செயல் எனக்குத் தரப்படவில்லை. அடுத்தவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் வந்தது.

தரப்படவில்லையாம். தராதவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். செயல்கள் எழுதும் பக்கத்தைத் திறந்தேன். பெயர் என்ற இடத்தில் 'உடனே மாற்று' என்று தட்டினேன். அதற்குக் கீழே வழக்கமான கட்டம்: இதை எப்போது செய்ய வேண்டும்? அதை நிரப்பினால்தான் சேமிக்க விடும். 'என் மச்சானுக்கு' என்று ஆரம்பித்தேன், அழித்தேன். 'அவசரம் என்றால்' என்று எழுதினேன். அந்த அறைக்கு அவசரம் இல்லாமல் யார் வருகிறார்கள்? அதையும் அழித்தேன். 'நிர்வாகி சொன்னால்' என்று எழுதினேன். எழுதியதை அது அப்படியே செய்யும் என்பது எனக்குத் தெரியும். இன்றோடு நிற்காது. நாளைக்கு யாரோ ஒரு நிர்வாகி சொல்வார், மச்சானின் பெட் போய்விடும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கட்டம் காலியாகவே இருந்தது. எத்தனையோ வாக்கியங்கள் எழுதிய எனக்கு இந்த ஒரு வாக்கியம் எழுத வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

"என்னடா பண்ற" என்றாள் அக்கா.

"கேட்டுனு இருக்குக்கா" என்றேன்.

அப்போது திரையில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. மூன்றாவதாகக் கேட்கப்பட்டவர். வயதான பெண் குரல், சிதம்பரத்துக்குள்ளேயே இருப்பவர்போல. "ஏம்மா, ரொம்ப முடியாதவுங்களா?" என்று ஏஐயிடம் கேட்டது அந்தக் குரல்.

'ஆமாம் அம்மா. காத்திருக்க முடியாதவர் என்று மையம் குறித்திருக்கிறது. உங்களுக்கு நாளைக் காலை முதல் பெட் தர முடியும். முடியாது என்றாலும் தவறில்லை' என்று அது பதில் எழுதியது.

அடுத்த பதிவு வருவதற்குள் என் உயிர் போய் வந்தது. "அவுங்களுக்குப் போடச் சொல்லும்மா. நான் இன்னைக்குத் தண்ணி கொறச்சுக் குடிச்சிக்கிறேன்."

மாற்று என்ற செயல் ஓடியது. திரையில் மச்சானின் பெயர் வந்தது. அதை அக்காவிடம் காட்டினேன், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுதிய இரண்டு சின்ன வாக்கியங்கள், எங்கேயோ இருக்கும் ஒரு மென்பொருள், முகம் தெரியாத ஒரு கிழவி. இவை மூன்றும் சேர்ந்து இந்தக் காரியத்தைச் செய்தது எனக்கு இன்றும் பெரிய அதிசயமாகத்தான் இருக்கிறது. பாதி எழுதிய அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரோட்டைப் பார்த்தேன். சிதம்பரத்தில் டெக்னீஷியன் சக்கர நாற்காலியோடு வாசலிலேயே நின்றிருந்தார். சாயங்காலம் மச்சான் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

சில மாதங்கள் கழித்துத் தேறிவிட்டார். காத்திருக்க முடிந்தவர்கள் பக்கத்துக்கு அவர் பெயரையும் மாற்றினார்கள். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய போனுக்குச் செய்தி வந்தது. திங்கட்கிழமை உங்கள் பெட்டை அவசரமான ஒருவருக்குத் தர முடியுமா, முடியாது என்றாலும் பரவாயில்லை என்று கேட்டிருந்தது. அந்த வாக்கியம் நான் எழுதியதுதான். ஆனாலும் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிடுங்கள் மச்சான் என்று என் வாய் வரை வந்தது.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கட்டைவிரலால் தட்டினார். 'தரேன்.'

"யாருக்குன்னுகூட கேக்கலியா மச்சான்?" என்றேன்.

"அன்னைக்கு எனக்குக் குடுத்தவுங்க யாருக்குன்னு கேட்டாங்களா?" என்றார் அவர்.