ஒத்திகைக் கலெக்டர்

சமூகப்பணி முதுகலையில் சமூக நடவடிக்கை என்று ஒரு பாடம் உண்டு. மக்களுக்காக நாம் பேசக்கூடாது, அவர்களையே பேசவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதலாம்.

களப்பணிக்கு எனக்கு வாய்த்தது சின்னமனூர் பக்கம் ஒரு காலனி. காலை பஸ் அங்கே நிற்பதில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலைபார்க்கும் ஓர் அக்காவின் மகள் பிளஸ் டூ. நடந்தே போய்ப் பாதி நாள் முதல் பீரியடைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு நிக்கலேன்னா இவள எங்கூடத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார் அக்கா. மகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தேனியில் குறைதீர் கூட்டம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அக்காவுக்கு ஒத்திகை. நான்தான் கலெக்டர். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்து விழுந்தேன். "வேற வேலையில்ல? போம்மா!" என்பேன். "அதெல்லாம் போக முடியாது!" என்று அக்கா குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

நிஜக் கலெக்டர் ஒரு பெண்மணி. மனுவை வாங்கிக்கொண்டு, "உக்காருங்கம்மா, என்ன விஷயம்?" என்றார். இதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"அதெல்லாம் போக முடியாது!" என்றார் அக்கா.

"உங்கள யாரும்மா போகச் சொன்னா?"

"இந்தத் தம்பிதேன். நேத்து வரைக்கும் இவுகதேன் கலெக்டரு."

கலெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க."

பாடப்படி நான் பேசக்கூடாது. பேச்சு வரவும் இல்லை. இரண்டும் ஒத்துப்போனதில் கொஞ்சம் நிம்மதி.

"ஏந் தம்பி, வாயத் தொறக்க மாட்டீகளா?" என்ற அக்கா, தானே கலெக்டர் பக்கம் திரும்பினார். "எம் மகளுக்குப் படிப்பு நல்லா வருதும்மா. காலையில பஸ்ஸு எங்க ஊர்ல நின்னாப் போதும். இல்லேன்னா அவ எங்கூடப் பழம் பறிக்கத்தேன் வரணும்."

கலெக்டர் போக்குவரத்து அதிகாரியை அங்கேயே கூப்பிட்டுப் பேசினார்.

வியாழக்கிழமை பஸ் நின்றது. மகள் ஏறினாள். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. நான் நெகிழ்வதற்கு ஆயத்தமானேன்.

"சாயந்தர பஸ்ஸு?" என்றார் அக்கா. "இருட்டுல புள்ள எப்பிடி நடந்து வரும்? திங்கக்கிழமை தோட்டத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன் தம்பி. தேனிக்கு வெள்ளனக் கெளம்பிருவோம்."